அகல நெத்தி குதிரைக்கு வண்டிக் கடிவாளம்: ஃபுல் சைஸ் வாங்கி ஓட்டை குத்தினா போதுமா?

கேள்வி, மார்ச் 2

வண்டிக்கு பழக்கிட்டு இருக்கற ஹாஃப்லிங்கர் குதிரை. காப் சைஸ் (ஃபுல் சைஸை விட ஒரு அளவு சின்னது) கடிவாளம் போட்டா நெத்திப்பட்டை இறுக்கி காதுக்கு பின்னாடி வெட்டுது, கண்பட்டை (பக்கவாட்டுலயும் பின்னாடியும் தெரியாம மறைக்கறது) கண்ணை ஒட்டி நிக்குது. ஃபுல் சைஸ் போட்டா நெத்தி சரியாகுது, ஆனா கன்னவாரை கடைசி ஓட்டைல மாட்டியும் பிட் (வாய்க்குள்ள போற இரும்பு) தொங்குது, கண்பட்டை கன்னத்துக்கு இறங்கிடுது. கேக்கறவங்க எல்லாம் ஃபுல் சைஸே வாங்கிட்டு எக்ஸ்ட்ரா ஓட்டை குத்திக்கங்கறாங்க. அது போதுமா?

மார்ச் 2, ராத்திரி

போதாது. ஓட்டை குத்தினா நீளம் குறையும், அவ்வளவுதான். உங்க குதிரைக்கு நீளத்துல காப், அகலத்துல ஃபுல். சைஸ்னு லேபிள் ஒட்டி விக்கறவங்க தலை பெருசானா எல்லா பக்கமும் ஒரே மாதிரி பெருசாகும்னு நினைச்சு வெட்டறாங்க. ஹாஃப்லிங்கர், ஃயோர்டு, வெல்ஷ் காப், மோர்கன், இதுங்க எதுக்கும் அந்த கணக்கு ஒத்துவராது. கண்ணுக்கு மேல அகலம், கண்ணுல இருந்து வாய் வரைக்கும் குட்டை, மூக்குப் பக்கம் வர வர ஒடுங்கிடும். அதனால ஒரே டப்பால வர்ற கடிவாளம் இந்த தலைல முழுசா உக்காரவே உக்காராது. தனித்தனி பாகமா வாங்கணும், இல்ல அளவு கொடுத்து தைக்கணும். விவரமா நாளைக்கு எழுதறேன்.

மார்ச் 3

முதல்ல அளவு எடுங்க. தையல் டேப் இருந்தா நல்லது, இல்லைன்னா கயிறு வச்சு அளந்து ஸ்கேல்ல பாத்துக்கலாம். ஒரு காதுக்கு பின்னாடி ஆரம்பிச்சு நெத்தி வழியா மறு காதுக்கு பின்னாடி வரைக்கும் ஒன்னு. வாய் ஓரத்துல இருந்து உச்சி வழியா அடுத்த வாய் ஓரம் வரைக்கும் ஒன்னு. கண்ணோட வெளி ஓரத்துல இருந்து வாய் ஓரம் வரைக்கும் ஒன்னு, இதை யாருமே எடுக்கறதில்ல ஆனா குட்டை முகத்துக்கு இதுதான் முக்கியம். ஒரு கண்ணோட வெளி ஓரத்துல இருந்து நெத்தி குறுக்க மறு கண்ணோட வெளி ஓரம் வரைக்கும் ஒன்னு. அப்புறம் கன்ன எலும்பு மேடு முடியற இடத்துக்கு ரெண்டு விரல் கீழ மூக்கைச் சுத்தி. கடைசியா காதுக்கு பின்னாடி இருந்து தாடைக்கு அடில சுத்தி தொண்டைவாருக்கு.

நெத்திப்பட்டை அளவை டேப்பை இறுக்கிப் பிடிச்சு எடுக்காதீங்க. ஒரு விரல் உள்ள போற மாதிரி தளர்வா பிடிங்க. பட்டை குட்டையா இருந்தா காதுக்கு பின்னாடி உச்சில போற உச்சிவாரை முன்னாடி இழுத்து காதோட அடில கொண்டு போய் அழுத்தும். தலையை ஆட்டறது, காதைத் தொட விடாதது, கடிவாளம் கொண்டு வந்தாலே தலையைத் தூக்கறது, இதெல்லாம் நிறைய குதிரைல இந்த ஒரு பட்டையால வருது, ஆனா எல்லாரும் பிட்டைத்தான் மாத்திக்கிட்டே இருப்பாங்க.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழிச்சு

அளவுல விட்டுப்போனது ஒன்னு. குதிரை தலையைத் தூக்கிட்டு நிக்கும்போது எடுத்த அளவும் வேலை செய்யற மாதிரி கழுத்தை வளைச்சு நிக்கும்போது எடுத்த அளவும் தொண்டைவாருக்கு வேற வேற வரும். பெரிய உருண்டைத் தாடை இருக்கற காப் வகைக் குதிரைகள்ல (சைஸைச் சொல்லல, கட்டையா தடிச்ச உடம்புக் குதிரைங்க) ரொம்ப வித்தியாசம் வரும். வளைச்சு நிக்கற அளவை எடுத்துக்கங்க.

மார்ச் 5

இப்போ கண்பட்டை. சவாரிக் கடிவாளத்துக்கும் வண்டிக் கடிவாளத்துக்கும் உள்ள வித்தியாசமே இங்கதான். சவாரிக்கு நெத்திப்பட்டை மட்டும் மாத்தினா வேலை முடிஞ்சுது. வண்டிக்கு நெத்திப்பட்டை மாத்தினாலும் கண்பட்டை பழைய இடத்துலயே நிக்கும், ஏன்னா அதைப் பிடிச்சு வச்சிருக்கறது ரெண்டு. ஒன்னு கன்னவார். இன்னொன்னு உச்சில ஒரு பக்கிள்ல ஆரம்பிச்சு நெத்தில இறங்கி கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சு ரெண்டு கண்பட்டைக்கும் போற வார். இனிமே கவட்டை வார்னே சொல்றேன்.

அந்த கவட்டை எங்க பிரியுதுன்னு பாருங்க. ஒடுங்கின தலைக்கு தைச்ச கடிவாளத்துல அது நெத்திப்பட்டைக்கு கீழ வந்துதான் பிரியும். அந்த மாதிரி வாரை அகல நெத்தில போட்டா ரெண்டு கையும் செங்குத்தா இறங்கி கண்பட்டையை உள்பக்கமா இழுக்கும், முன் ஓரம் ரெண்டும் ஒன்னையொன்னு பாத்து மூடும். குதிரை குகைக்குள்ள போற மாதிரி தலையை நீட்டி நீட்டிப் போகும். அகல நெத்திக்கு கவட்டை நெத்திப்பட்டைக்கு மேலயே பிரிஞ்சு, ரெண்டு கையும் வெளிப்பக்கமா சாஞ்சு போகணும். என்கிட்ட இருந்த தோல் கடிவாளத்துல இது கீழ பிரிஞ்சிருந்துச்சு, சேணம் தைக்கறவர் தையலைப் பிரிச்சு பிளவை மேல கொண்டு போய் மறுபடி தைச்சுக் கொடுத்தார். கண்பட்டை ரெண்டு பக்கமும் ஒரு விரல் அளவு வெளிய போச்சு, வேற எதையும் தொடல. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுப் பாருங்க.

நல்ல கடிவாளத்துல கவட்டை வாருக்குள்ள கம்பி இருக்கும், கண்பட்டைக்குள்ள தகடு இருக்கும். கையால மெதுவா வளைச்சு வெளிப்பக்கம் திருப்பலாம். ரெண்டு பக்கமும் சமமா. குதிரை தலைல இருக்கும்போது வளைக்காதீங்க, கழட்டி வச்சுட்டு வளைங்க. விலை குறைஞ்ச நைலான் கடிவாளங்கள் பலதுல கம்பியே இருக்காது, கவட்டை கை தொளதொளன்னு இருக்கும், காத்தடிச்சா கண்பட்டை கண்ணுல மோதும். அது எந்தத் தலைக்கும் வேண்டாம், கண் வெளிய துருத்தி நிக்கற தலைக்கு சுத்தமா வேண்டாம். வெல்ஷ் காப் மாதிரி கண் பெருசா, தள்ளித்தள்ளி, வெளிய தெரியற மாதிரி இருக்கறதுக்கு தட்டையான கண்பட்டையை விட கிண்ணம் மாதிரி குழிஞ்ச கண்பட்டை நல்லா இருக்கும், நடுவுல இடம் கிடைக்கும்.

மார்ச் 5, ராத்திரி

கண்ணு எங்க வரணும்னு கேட்டிருந்தீங்க. கண்பட்டையோட நடுவுல, இல்ல நடுவுக்கு கொஞ்சம் மேல. இமைமுடிக்கும் கண்பட்டையோட உள்பக்கத்துக்கும் நடுவுல ஒரு இன்ச்சாவது இருக்கணும்.

படுதா படலையான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி. ஓட்டிட்டு வந்து கடிவாளத்தைக் கழட்டினதும் கண்பட்டையோட உள்பக்கத்தைப் பாருங்க. மெல்லிசா தூசி படிஞ்சிருக்கும். அந்தத் தூசில பிறை மாதிரி ஒரு கோடு துடைச்சு விட்ட மாதிரி பளபளன்னு இருந்தா அங்க இமைமுடி உரசியிருக்குன்னு அர்த்தம். நிக்கும்போது படாது, ஓடும்போதுதான் படும், அதனால லாயத்துல நிக்க வச்சுப் பாத்து சரின்னு சொல்றது பாதிதான். கண்ணுல தண்ணி வழிஞ்ச தடம் இருந்தாலும் முதல்ல இதைப் பாருங்க, அப்பவும் நிக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

மார்ச் 8

கன்னவாருக்கு வருவோம். வண்டிக் கடிவாளத்துல கண்பட்டைக்கு மேல ஒரு பக்கிள், கீழ ஒரு பக்கிள் இருக்கும். மேல் பக்கிள் கண்பட்டையோட உயரத்துக்கு. கீழ் பக்கிள் பிட்டோட உயரத்துக்கு. மேல முடிச்சுட்டு கீழ வாங்க, உயரம் சரி பண்ணினதும் கவட்டை வார், அப்புறம் மூக்குப்பட்டை, அப்புறம் பிட், கடைசில தொண்டைவார். இதை மாத்திப் பண்ணினா ஒன்னை சரி பண்ணும்போது இன்னொன்னு கெட்டுப்போகும், அரை நாள் போயிடும். மலிவான சிலதுல மேல் பக்கிள் மட்டும்தான் இருக்கும், கண்பட்டையை ஏத்தினா பிட்டும் சேந்து ஏறும். குட்டை முகத்துக்கு அந்த மாடல் ஆகவே ஆகாது.

உங்க ஃபுல் சைஸ் கடிவாளத்துல எனக்குத் தோணறது, மேல் பாதி ஃபுல்லாவே வச்சுக்கலாம், கண்பட்டைக்கு கீழ வர்ற கன்னவார் துண்டை மட்டும் காப் அளவுல மாத்தணும். உச்சிவாரையும் பாருங்க. காப் அளவு உச்சிவாரோட ஃபுல் நெத்திப்பட்டை பல ஹாஃப்லிங்கருக்கு சரியா வந்து பாத்திருக்கேன். நீங்க அளவு போட்டீங்கன்னா சொல்லிடலாம்.

மார்ச் 9

ஒருத்தர் மேல கேட்டிருக்கார், அகலத் தலைன்னா இழுவைக் குதிரை சைஸ் வாங்கிடலாமேன்னு. இழுவைக் குதிரை எல்லாம் ஒரே தலை இல்லங்க. ஷையர் தலை நீளம், மூக்கு லேசா வெளிய வளைஞ்சிருக்கும். பெர்ஷரான் தலை நெத்தி அகலமா இருக்கும், ஆனா அதுக்கேத்த நீளமும் இருக்கும். ஃப்ரீஷியன் கறுப்பா கம்பீரமா இருக்கறதைப் பாத்து அகலம்னு நினைப்பாங்க, உண்மைல அது நீளமா ஒடுங்கின தலை. இழுவை சைஸை ஹாஃப்லிங்கருக்கு போட்டா கண்பட்டை ரொம்ப விரிஞ்சு பின் ஓரம் வெளிய போயிடும், குதிரைக்கு பின்னாடி சக்கரம் சுத்தறது தெரியும். அப்புறம் கண்பட்டை எதுக்கு?

குதிரைக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 350 டிகிரி பாக்கும், நேர் பின்னாடி கொஞ்சம் இடமும் மூக்குக்கு முன்னாடி கொஞ்சம் இடமும்தான் தெரியாது. நெத்தி அகலமான குதிரைக்கு கண்ணு இன்னும் தள்ளிப் போயிருக்கறதால கண்பட்டை ரெண்டு பக்கமும் தப்பாகலாம். நெருக்கினா கண்ணுல படும், விரிச்சா பின்னாடி தெரியும். நடுவுல இருக்கற இடம் குறைச்சல். அதனாலதான் ஒவ்வொரு பாகமா இவ்வளவு எழுதறேன்.

ஹாஃப்லிங்கருக்கு இந்த முகம் எங்க இருந்து வந்துச்சுன்னா, தெற்கு டைரோல்ல 1874ல பிறந்த ஃபோலிங்கற குதிரைதான் இந்த இனத்துக்கே மூல ஆண் குதிரை. அதோட அப்பா பாதி அரபு ரத்தம். மலைக் குதிரையோட குட்டையான உடம்பு, அரபுக் குதிரையோட அகல நெத்தி, ஒடுங்கின வாய். உங்க குதிரையோட முகத்தை முன்னாடி நின்னு பாருங்க, ஆப்பு மாதிரி இருக்கும்.

மார்ச் 12

தொண்டைவார். இதை நான் ரொம்ப சாதாரணமா சொல்லிட்டுப் போக விரும்பல.

தெரிஞ்சவர் ஒருத்தர் வண்டியை நிறுத்திட்டு பேசிட்டு இருந்தார், குதிரை நல்ல பழகின குதிரை, அகலத் தலை, குட்டிக் காது, பிடரி அடர்த்தி. கன்னம் அரிச்சிருக்கும் போல, ஏர்க்கால்ல தலையைத் தேய்ச்சுது. ஒரே தேய்ப்புல கடிவாளம் காதைத் தாண்டி கழண்டு மூக்குல தொங்கிச்சு. கண்பட்டை போனதும் பின்னாடி இருந்த வண்டி முழுசா தெரிஞ்சுது, அதுவரைக்கும் அது அந்த வண்டியை அப்படிப் பாத்ததே இல்ல. அடுத்து என்ன நடந்திருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. ஓடின குதிரைக்கு வாய்ல பிட்டும் இல்ல, பிடிக்க ஆளும் இல்ல. வேலில மாட்டி நின்னுச்சு, குதிரைக்கு கால்ல காயம், வண்டி போச்சு. ஆளுக்கு ஒன்னும் ஆகல.

சவாரிக் குதிரைக்கு தொண்டைவார்ல நாலு விரல் விடுன்னு சொல்லித் தருவாங்க. வண்டிக் குதிரைக்கு அது தளர்வு. மூச்சுக்குழாயை அழுத்தாம, கழுத்தை வளைச்சா வெட்டாம, ஆனா தாடை உருண்டையைத் தாண்டி முன்னாடி வர முடியாத அளவுக்கு இருக்கணும். மாட்டினதும் காதுக்கு பின்னாடி உச்சிவாரைப் பிடிச்சு முன்பக்கமா நல்லா இழுத்துப் பாருங்க. காதைத் தாண்டி வந்தா வண்டில பூட்டாதீங்க. தாடை பெருசா உருண்டையா இருந்து, இறுக்கினா வெட்டுது தளர்த்தினா கழளுதுன்னா, தொண்டைவாரையும் மூக்குப்பட்டையையும் தாடைக்கு அடில இணைக்கற ஒரு சின்ன வார் போடலாம். வண்டிக் கடிவாளத்துக்கு அது தனியாவே கிடைக்கும்.

அப்புறம், வண்டில பூட்டியிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் கடிவாளத்தைக் கழட்டாதீங்க. பட்டையை ஒரு ஓட்டை மாத்தணும்னாலும் முதல்ல வண்டியை அவுத்துட்டு மாத்துங்க.

மார்ச் 12, மறுபடி

பிடரி விஷயம். ஹாஃப்லிங்கர், ஃயோர்டு ரெண்டுக்கும் பிடரிமுடி வேர்லயே கெட்டியா இருக்கும். உச்சிவார் உக்கார்ற இடத்துல முடி மேல முடி நின்னா வார் நழுவும். வார் அகலத்துக்கு முடியை வெட்டி வழி விட்டா நல்லா உக்காரும். அழகு போயிடும்னு சிலர் வெட்ட மாட்டாங்க, அவங்க முடியை ரெண்டா வகுந்து வாரை நடுவுல தோல் மேல உக்கார வைக்கணும், ஒவ்வொரு தடவையும்.

மார்ச் 15

முன்நெத்தி முடியை நெத்திப்பட்டைக்கு மேல எடுத்து விடறதா உள்ள விடறதான்னு ஃயோர்டு வச்சிருக்கறவர் கேக்கறார். நானும் ஃயோர்டு குதிரைதான் ஓட்டறேன், இது முடியைப் பொறுத்தது. மெல்லிசா இருந்தா உள்ள விடலாம். கெட்டியா கத்தையா இருந்தா கவட்டை வாருக்கு அடில தலையணை வச்ச மாதிரி ஆகி வாரைத் தூக்கிடும், கண்பட்டை உள்ள சாயும். மார்ச் 5ல எழுதின மாதிரி கம்பியை எவ்வளவு வளைச்சாலும் அந்த முடி இருக்கற வரைக்கும் சரிவராது. மெல்லிசா மூணு நாலு பின்னலா பின்னி தட்டையா படிய விட்டேன், அது பிடிச்சிருந்துச்சு. உருட்டா ஒரே பின்னல் போட்டா பட்டைக்கு கீழ முண்டு மாதிரி அழுத்தும். எது பண்ணினாலும் கடிவாளத்தை அளவு பாக்கும்போதும் ஓட்டும்போதும் முடி ஒரே மாதிரி இருக்கணும்.

மார்ச் 18

பக்கிள் இடம் பத்தி யாரும் பேசல. கண்ணோட வெளி ஓரத்துக்கும் காதோட அடிக்கும் நடுவுல கைய வச்சுட்டு குதிரைக்கு ஒரு வாய் புல் கொடுங்க. மெல்லும்போது அங்க எலும்பு நகர்றது கைல தெரியும், அதுதான் தாடை மூட்டு. கண்ணுக்கு மேல இருக்கற குழியும் சேந்து அசையும். நீளமான முகத்துல மேல் பக்கிள் இதுக்கு கீழயோ மேலயோ போயிடும். குட்டை அகல முகத்துல நேரா மூட்டு மேலயே வந்து உக்காரும். கூடவே நெத்திப்பட்டை மடிப்பும் அதோட ஓரத்துல அலங்காரத்துக்கு இருக்கற பூ வில்லையும் அங்கயே சேந்து நாலு அடுக்கு தோல் ஒரே இடத்துல அழுத்தும். கடிவாளம் மாட்டின பிறகும் ஒரு வாய் புல் கொடுத்து பாருங்க, பக்கிள் முன்ன பின்ன ஆடுச்சுன்னா ஒரு ஓட்டை மேலயோ கீழயோ நகர்த்தி, அதுக்கு ஈடா மறு முனைல சரி பண்ணுங்க. அங்க முடி உடைஞ்சு சொரசொரன்னு இருந்தா ரொம்ப நாளா அழுத்துதுன்னு அர்த்தம், விட்டா வெள்ளை முடியா முளைக்கும்.

மார்ச் 19

மூக்குப்பட்டை. வண்டிக் கடிவாளங்கள் நிறைய மாடல்ல கன்னவார் மூக்குப்பட்டையோட வளையத்துக்குள்ள புகுந்துதான் பிட்டுக்குப் போகும். மூக்குப்பட்டையை மாட்டினதும் கன்னவார் முகத்தோட ஒட்டி நிக்கும், கண்பட்டை பின்னாடி விரியாது. அதுக்குத்தான் அது இருக்கு, வாயைக் கட்ட இல்ல. மூக்கு எலும்பு மேல, நடுவுல, ரெண்டு விரல் போகணும். பக்கவாட்டுல விரலை விட்டுப் பாத்து சரின்னு சொல்றது ஏமாத்து வேலை, அங்க சதை அமுங்கும், எலும்பு மேலதான் உண்மை தெரியும். எஃப்.இ.ஐ. (சர்வதேச குதிரையேற்ற சம்மேளனம்) 2025 மே மாசத்துல இருந்து போட்டிகள்ல இதுக்கு அளவுகோலே கொண்டு வந்திருக்கு, அதை வைக்கறதும் மூக்கெலும்பு மேலதான். ஒடுங்கின வாய் இருக்கற நம்ம குதிரைகளுக்கு ஃபுல் சைஸ் மூக்குப்பட்டை எப்பவும் பெருசு. பெருசா தொங்கினா கன்னவாரைப் பிடிக்காது, கண்பட்டை விரியும், திரும்ப மார்ச் 9ல சொன்ன சக்கரம் கதைதான். அதனால மூக்குப்பட்டை காப்.

மார்ச் 23

கண்பட்டையே இல்லாம ஓட்டினா இந்த தலைவலி எதுவும் இல்லையேன்னு கேட்டவருக்கு: முதல்ல இருந்தே அப்படி பழக்கின குதிரைகள் நல்லா ஓடுது, எனக்கும் பிடிக்கும். ஆனா கண்பட்டையோட பழகின குதிரைக்கு அளவு ஒத்துவரலைங்கறதுக்காக ஒரு நாள் திடீர்னு கழட்டிட்டு வண்டில பூட்டறது உயிரோட விளையாடறது. வண்டி இல்லாம, தரைல நடந்தபடியே, பின்னாடி சத்தம் பொருள் எல்லாம் காட்டி முதல்ல இருந்து பழக்கணும்.

மார்ச் 26

அளவு போட்டதுக்கு சந்தோஷம். நெத்தி பதினாறரை இன்ச். நான் நினைச்ச மாதிரியேதான், காதுல இருந்து காது வரைக்கும் ஃபுல்லை விட கொஞ்சம் கூட, உச்சி வழியா வாய் டு வாய் காப். அதனால நெத்திப்பட்டை தனியா அளவு கொடுத்து, கவட்டை வார் மேலயே பிரியற மாதிரி, கண்பட்டை கிண்ண மாடல், உச்சிவார் கன்னவார் மூக்குப்பட்டை மூணும் காப். தைக்கறவர்கிட்ட கண் ஓரத்துல இருந்து வாய் ஓரம் வரைக்கும் உள்ள அளவையும் மறக்காம கொடுங்க. தோல்னா நடு ஓட்டைல சரியா வர்ற மாதிரி கேளுங்க, பழகப் பழக நீளும், கடைசி ஓட்டைல ஆரம்பிச்சா அப்புறம் போக இடம் இருக்காது. சிந்தெடிக்னா நீளாது, ஆனா வளைஞ்சும் கொடுக்காது, கவட்டை வாருக்குள்ள கம்பி இருக்கான்னு கையால அமுக்கிப் பாத்துட்டு வாங்குங்க.

மார்ச் 26, ராத்திரி

பிட்டை விட்டுட்டேன். அகலத் தலைன்னா அகல வாய்னு நினைச்சு ஆறு இன்ச் வாங்கிடாதீங்க, வாய் ஒடுங்கினதுதான், தனியா அளந்து ரெண்டு பக்கமும் அரை சென்டிமீட்டருக்குள்ள வெளிய நிக்கற மாதிரி எடுங்க. இந்த இனங்கள்ல நாக்கு தடிமன், அண்ணத்துல இடம் கம்மி, அதனால தடி பிட் மென்மைன்னு சொல்றதைக் கேட்டு வாங்கினா வாய் மூடவே முடியாது. லிவர்பூல் பிட் (ரெண்டு பக்கமும் மேலயும் கீழயும் தண்டு நீட்டிட்டு இருக்கற வண்டி பிட்) போடறீங்கன்னா இன்னொன்னு. உதட்டுக்கு மேல முகம் சட்டுனு அகலமாகுதுல்ல, பிட்டோட மேல்தண்டு நேரா இருந்தா அங்க கன்னத்துல அழுந்தும், உள்ள கடைவாய்ப்பல் ஓரம் வேற, சதை நடுவுல மாட்டி புண்ணாகும். பிட் சைஸைப் பெருசாக்கி இதை சரி பண்ணப் பாத்தா வாய்க்குள்ள பக்கவாட்டுல ஓடும். மேல்தண்டு லேசா வெளிப்பக்கம் சாஞ்ச மாதிரி செஞ்சது கிடைக்கும், அதைக் கேளுங்க. வந்ததும் லகானை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெதுவா இழுத்து, தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவுல சுண்டுவிரல் போகுதான்னு பாத்துட்டு எழுதுங்க.